பல்லின் நிறத்தைக் கண்ணாலும் கருவியாலும் பொருத்துவது எப்படி: ஷேடு எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மேல் நடுப்பல் ஒன்றுக்கு மட்டும் கிரௌன் (பல்லின்மேல் மாட்டும் செயற்கை உறை) வேண்டும் என்று ஒருவர் வந்தால், அனுபவமுள்ள பல் மருத்துவர்கூடக் கொஞ்சம் யோசிப்பார். முன்பற்கள் ஆறுக்கும் சேர்த்துச் செய்வது இதைவிடச் சுலபம். அவை தமக்குள் ஒத்துப்போனால் போதும். ஒற்றைப் பல் என்றால் அதன் ஜோடி ஒட்டினாற்போல் பக்கத்திலேயே நிற்கிறது. எதிரில் இருப்பவர் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கிறார். கிரௌனின் விளிம்பு எவ்வளவு துல்லியமாகப் பொருந்தினாலும், நிறம் தப்பிவிட்டால் நோயாளியைப் பொறுத்தவரை அந்த வேலை தோற்றுப்போனதுதான்.

இருந்தும் ஷேடு எடுப்பது, அதாவது பல்லின் நிறத்தைப் பார்த்துக் குறிப்பது, பல இடங்களில் கடைசி நேர வேலையாகவே இருக்கிறது. பல்லைச் செதுக்கி, அளவு எடுத்து, தற்காலிக கிரௌனும் ஒட்டியபின், ஷேடு கைடை (நிற மாதிரிப் பற்களின் தொகுப்பை) அவசரமாகப் பிடித்துப் பார்த்து, கிரௌன் செய்யும் லேபுக்கான சீட்டில் "ஏ2" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறது. ஷேடுதான் முதல் வேலை. அதிலும் முதலில் முடிவு செய்ய வேண்டியது வெளிச்சத் தன்மை. கண்ணும் கருவியும் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டும். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

நிறத்தின் மூன்று அளவுகள்

நிறத்தை மூன்று தனித்தனி அளவுகளாகப் பிரித்துப் பார்க்கும் முறையை ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவியர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தார். பல் மருத்துவம் இன்றும் அதையே பின்பற்றுகிறது. ஹியூ என்பது நிறத்தின் வகை: மஞ்சள் பக்கமா, செம்மை பக்கமா. குரோமா என்பது அந்த நிறத்தின் செறிவு: வெளிறியதா, அடர்த்தியா. வேல்யூ என்பது வெளிச்சத் தன்மை. கருப்பிலிருந்து வெள்ளை வரை ஒரு கோடு போட்டால் பல் அதில் எங்கே நிற்கிறது என்று அது சொல்லும்.

இவற்றில் வேல்யூவுக்கு முதலிடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இயற்கைப் பற்களின் ஹியூ மிகக் குறுகிய எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. எல்லாமே மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் இடைப்பட்டவை. ஹியூ சற்றுத் தப்பினாலும் சாதாரணப் பேச்சுத் தூரத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். வேல்யூ தப்பினால் அறைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கும் தெரியும். கூடிப்போனால் பல் வெளியே துருத்தி நிற்பதுபோல் தோன்றும். குறைந்தால் செத்த பல்போல் சாம்பல் பூத்துத் தெரியும்.

நான்காவதாக ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்: ஒளி ஊடுருவும் தன்மை. பல்லின் அடிப்படை நிறம் உள்ளடுக்கான டென்டினிலிருந்து வருகிறது. அதன்மேல் வெளியடுக்கான எனாமல் அரைகுறையாக ஒளிவிடும் போர்வையாகக் கிடக்கிறது. ஈறு ஓரத்தில் எனாமல் மெலிது என்பதால் அங்கே டென்டினின் மஞ்சள் எட்டிப்பார்க்கும். வெட்டும் விளிம்பில் டென்டின் இல்லை, அதனால் அங்கே நீலச்சாயல். அதே விளிம்பைப் பின்னாலிருந்து வரும் ஒளியில் பார்த்தால் ஆரஞ்சாகத் தெரியும். ஓபலசென்ஸ் என்பது இதுதான். வயது கூடக்கூட எனாமல் தேய்கிறது, டென்டின் அடர்கிறது, பல்லின் வேல்யூ குறைந்து குரோமா ஏறுகிறது. அறுபது வயதுக்காரரின் பல்லுக்கு இருபது வயதுப் பல்லின் வெண்மை பொருந்தாமல் போவது இதனால்தான்.

படி 1: எப்போது எடுப்பது

நோயாளி நாற்காலியில் உட்கார்ந்ததும் எடுக்க வேண்டும். மரத்துப்போகும் ஊசிக்கு முன், ரப்பர் டேமுக்கு (பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் திரைக்கு) முன், செதுக்குவதற்கு முன்.

ஏன் இவ்வளவு அவசரம்? பல் உலர்ந்தால் வெளுக்கும். எனாமலின் நுண்துளைகளில் இருக்கும் நீர் வெளியேறி அங்கே காற்று புகும்போது ஒளி சிதறுவது கூடுகிறது. பல் வெளிறிச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். வாயைத் திறந்து வைத்திருந்தால் சில நிமிடங்களிலேயே இது தொடங்கிவிடும். முழுதாகப் பழைய நிறத்துக்குத் திரும்ப ஒரு நாள்கூட ஆகலாம். அரை மணி நேரம் வேலை பார்த்தபின் எடுத்த ஷேடு, நாளைக் காலையில் அந்த வாயில் இருக்காத ஒரு நிறத்தின் ஷேடு. அதை வைத்துச் செய்த கிரௌன் வெளிறி நிற்கும்.

ஷேடுக்கு முன் பல்லைப் பாலிஷ் செய்து கறையை நீக்க வேண்டும். உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிடச் சொல்லுங்கள். பளீரென்ற உடை என்றால் சாம்பல் நிறத் துணியால் மூடுங்கள். பற்களை வெளுக்க வைக்கும் பிளீச்சிங் சிகிச்சை நடந்திருந்தால், அது முடிந்து குறைந்தது இரண்டு வாரம் கழித்துத்தான் ஷேடு. அதற்குள் எடுப்பது ஓடுகிற வண்டியின் நீளத்தை அளப்பதற்குச் சமம்.

படி 2: வெளிச்சத்தைச் சரிசெய்வது

நாற்காலியின் மேலுள்ள விளக்கை அணைத்துவிடுங்கள். அதன் கூச்சம் வேல்யூவின் நுண்ணிய வேறுபாடுகளை அழித்துவிடும். பழைய ஹாலஜன் விளக்கு என்றால் எல்லாவற்றுக்கும் மஞ்சளும் பூசிவிடும்.

தேவைப்படுவது பகல் ஒளிக்கு நிகரான வெளிச்சம்: 5000 முதல் 6500 கெல்வின் வரையிலான நிற வெப்பநிலை, 90க்கு மேல் நிறம் காட்டும் குறியீடு. விளக்கு வாங்கும்போது டப்பாவில் சிஆர்ஐ என்று போட்டிருப்பது இந்தக் குறியீட்டைத்தான். மேகம் மூடிய நடுப்பகலில் ஜன்னலோர வெளிச்சம் நல்லது, ஆனால் நம்பகமானது இல்லை. காலையிலும் மாலையிலும் சூரிய ஒளி செம்மைக்குச் சாய்ந்துவிடும். நிற வெப்பநிலை நிலையாக இருக்கும் கையடக்க எல்ஈடி ஷேடு விளக்குகள் கிடைக்கின்றன. முன்பல் வேலை அடிக்கடி செய்பவருக்கு அது வீண் செலவாகாது.

இங்கே மெட்டாமெரிசம் என்ற சிக்கலும் உண்டு. இரண்டு பொருட்கள் ஒரு விளக்கின்கீழ் ஒரே நிறமாகவும், இன்னொரு விளக்கின்கீழ் வேறு வேறாகவும் தெரியலாம். பல்லும் பீங்கானும் வேறு வேறு பொருட்கள். ஒளியை உள்வாங்கித் திருப்பும் விதம் அலைநீளத்துக்கு அலைநீளம் மாறும். ஆகவே ஒரு ஷேடைத் தேர்ந்தபின், அறை விளக்கிலும் ஜன்னல் ஒளியிலும் இன்னொரு முறை பாருங்கள். மூன்றிலும் ஓரளவு ஒத்துப்போகும் ஷேடு, ஒரே வெளிச்சத்தில் மட்டும் அச்சாகப் பொருந்தும் ஷேடைவிட நல்லது.

படி 3: கண்ணால் பார்க்கும் முறை

பார்ப்பவரின் கண்ணை முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு ஆண்களிடம் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். இஷிஹாரா எனும் நிறப்பார்வைச் சோதனை செய்துகொள்ள சில நிமிடங்களே ஆகும். குறைபாடு இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. உதவியாளரையோ கருவியையோ நம்பிக்கொள்ளலாம்.

நோயாளியின் பல் உங்கள் கண்மட்டத்தில், ஒரு கை நீளத்துக்குள் இருக்கட்டும். பல்லையும் மாதிரிப் பல்லையும் ஈரமாக்குங்கள். டேப் எனப்படும் அந்த மாதிரியை, அதன் விளிம்பு பல்லின் விளிம்பைத் தொடும்படி, அதே தளத்தில் பிடியுங்கள். பல்லுக்கு முன்னால் பிடித்தால் மாதிரி வெளிச்சமாகவும், பின்னால் தள்ளிப் பிடித்தால் இருட்டாகவும் தெரிந்து ஏமாற்றும்.

ஐந்து அல்லது ஏழு வினாடிக்கு மேல் உற்றுப் பார்க்காதீர்கள். அதற்குமேல் போனால் கண் அந்த மஞ்சளுக்குப் பழகிவிடும், எல்லா மாதிரியும் ஒன்றுபோலவே தெரியும். நடுநடுவே சாம்பல் அட்டையைப் பாருங்கள். நீல அட்டையைப் பார்க்கச் சொல்வது பழைய பரிந்துரை. நீலத்தைப் பார்த்தபின் கண்ணில் தங்கும் பின்பிம்பம் மஞ்சள் என்பதால் அது அடுத்த பார்வையைச் சாய்த்துவிடும். சாம்பலுக்கு அந்தக் குறை இல்லை. முதலில் மனதில் பட்ட ஷேடு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். திரும்பத் திரும்பப் பார்த்து மாற்றுவதுதான் குழப்பத்தில் கொண்டுபோய் விடும்.

வேல்யூவைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குங்கள். உள்ளே போகும் ஒளி குறையும்போது நிறத்தை உணரும் கூம்பு செல்கள் பின்வாங்கி, வெளிச்ச வேறுபாட்டை உணரும் குச்சி செல்கள் முன்வரும். பல், மாதிரி இரண்டில் எது முதலில் மங்கி மறைகிறதோ அதன் வேல்யூ குறைவு.

படி 4: ஷேடு கைடைப் பயன்படுத்துவது

மிகப் பரவலானது வீட்டா கிளாசிக்கல். 16 மாதிரிகள், நான்கு குடும்பங்கள்: ஏ செம்பழுப்பு, பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். பெட்டியில் அவை குடும்ப வரிசையில் இருக்கும். அதைக் கலைத்து வேல்யூ வரிசையில் அடுக்குங்கள், வெளிச்சமானதிலிருந்து இருண்டதை நோக்கி: பி1, ஏ1, பி2, டி2, ஏ2, சி1, சி2, டி4, ஏ3, டி3, பி3, ஏ3.5, பி4, சி3, ஏ4, சி4. முதலில் பல் இந்த வரிசையில் எந்தப் பகுதியில் விழுகிறது என்று பாருங்கள், அப்புறம் அதற்குள் குடும்பத்தைத் தேடுங்கள். ஹியூ பிடிபடவில்லை என்றால் கோரைப்பல்லைப் பாருங்கள். வாயிலேயே அதிக குரோமா உள்ள பல் அது. நிறத்தின் குடும்பம் அங்கே பளிச்சென்று தெரியும்.

1998இல் வந்த வீட்டா 3டி-மாஸ்டர் இந்த வரிசையைத் தன் அமைப்பிலேயே வைத்திருக்கிறது. பிளீச் ஷேடுகளைத் தவிர்த்து 26 மாதிரிகள், ஐந்து வேல்யூ குழுக்கள். முதலில் குழு எண் (1 முதல் 5). அடுத்து அந்தக் குழுவின் நடு வரிசையான எம்-இல் குரோமா. கடைசியாக, எம்-ஐவிட மஞ்சளாக இருந்தால் எல், செம்மையாக இருந்தால் ஆர். "3எம்2" என்றால் மூன்றாம் வேல்யூ, நடு ஹியூ, இரண்டாம் குரோமா. புதிதாகப் பழகுபவர்கள் இதிலேயே தொடங்குவது நல்லது என்பேன். மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க இது கண்ணைப் பழக்கிவிடுகிறது.

இரண்டு ஷேடுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் வேல்யூ அதிகமானதை, குரோமா குறைவானதை எடுங்கள். மேற்பூச்சால் நிறத்தை அடர்த்தியாக்கலாம், இருட்டாக்கலாம். வெளிச்சமாக்குவது ஏறக்குறைய முடியாது.

லேப் எந்தக் கைடு வைத்திருக்கிறதோ அதையே நீங்களும் வைத்திருக்க வேண்டும். தேய்ந்த, கறைபட்ட மாதிரிகளை மாற்றிவிடுங்கள்.

படி 5: வரைபடம்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள். ஒரு பல்லுக்கு ஒரே ஷேடு கிடையாது. தாளில் பல்லைப் பெரிதாக வரைந்து ஈறு ஓரம், நடு, விளிம்பு என மூன்றாகப் பிரியுங்கள். உதாரணத்துக்கு ஈறு ஓரம் ஏ3, நடு ஏ2, விளிம்பில் 1 மி.மீ. நீலச்சாயல், அதற்குக் கீழே மெல்லிய வெண்கோடு. இடதுபுற விளிம்போரம் ஒரு வெண்புள்ளி, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மயிரிழை விரிசல். இவ்வளவையும் குறித்தால் டெக்னீஷியனுக்கு அது பல்லாகத் தெரியும்.

மேற்பரப்பையும் எழுதுங்கள். வரிவரியாகச் சொரசொரப்பான பரப்பு ஒளியைச் சிதறடித்து வெளிச்சமாகக் காட்டும். தேய்ந்து வழுவழுப்பான பரப்பு வேறுவிதமாகத் தெரியும். ஷேடு சரியாக இருந்தும் கிரௌன் ஒட்டாமல் நிற்பதற்குப் பளபளப்பு தப்பியிருப்பதும் அடிக்கடி காரணமாகிறது.

படி 6: புகைப்படம்

மேக்ரோ லென்ஸ், ஃபிளாஷ், மேனுவல் மோடு. ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125, அபெர்ச்சர் எஃப்22 அருகில் தொடங்கிச் சரிசெய்துகொள்ளலாம். தேர்ந்த மாதிரியையும், அதைவிட ஒரு படி வெளிச்சமானது ஒன்றையும், இருண்டது ஒன்றையும் பல்லோடு சேர்த்துப் பிடித்து எடுங்கள். மூன்றிலும் மாதிரியின் எண் படத்தில் தெரிய வேண்டும். அது தெரியாத படத்தால் பயனில்லை. மாதிரி பல்லின் தளத்திலேயே இருக்கட்டும். ஃபிளாஷுக்கு அருகில் வந்துவிட்டால் படத்தில் அது பொய்யாக வெளுத்துவிடும்.

சாம்பல் அட்டை ஒன்றும் படத்துக்குள் இருந்தால், வெள்ளைச் சமநிலையைப் பின்னால் ரா ஃபைலில் (கேமராவின் பதப்படுத்தாத கோப்பில்) சரிசெய்யலாம். லென்ஸுக்கும் ஃபிளாஷுக்கும் குறுக்குத் துருவ வடிகட்டி போட்டு எடுத்தால் மேற்பரப்பின் பளபளப்பு மறைந்து, உள்ளே இருக்கும் டென்டின் மடிப்புகளும் நிறத்திட்டுகளும் துல்லியமாகத் தெரியும். பளபளப்போடு ஒரு படமும் அவசியம். சொரசொரப்பு அதில்தான் தெரியும். அதே படத்தைக் கருப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வேல்யூ தப்பியிருந்தால் அது அப்பட்டமாகக் காட்டிக்கொடுக்கும்.

கைபேசியில், தானியங்கி மோடில், அறை விளக்கில் எடுத்த படத்தை நிறத்துக்கு நம்பக்கூடாது. பல்லின் வடிவத்தைக் காட்டுவதற்கு மட்டும் அது பயன்படும்.

படி 7: கருவி

ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் தன் சொந்த ஒளியைப் பல்லின்மேல் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை அலைநீளவாரியாக அளக்கிறது. அறை வெளிச்சமோ, பார்ப்பவரின் களைப்போ, வயதோ அதைப் பாதிக்காது. கலரிமீட்டர் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வடிகட்டிகள் வழியாக மட்டும் அளப்பதால் விவரம் குறைவு. வாயை ஸ்கேன் செய்யும் கருவிகள் பலவற்றிலும் ஷேடு காட்டும் வசதி வந்துவிட்டது. இரண்டாவது கருத்தாக அதைக் கேட்கலாம், முன்பல்லுக்கு அதை மட்டும் நம்பிச் செய்யச் சொல்ல மாட்டேன்.

வீட்டா ஈஸிஷேடு போன்ற தொடு முனைக் கருவியை வைத்து முறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு நோயாளிக்கும் முன் அளவுதிருத்தம் செய்யுங்கள். முனையின்மேல் தொற்றுத் தடுப்பு உறை போட்டால் உறையோடு சேர்த்தே அளவுதிருத்த வேண்டும். முனையைப் பல்லின் நடுப்பகுதியில், கீழே டென்டின் இருக்கும் இடத்தில், பரப்புக்குச் செங்குத்தாக, முழுதும் படியும்படி வையுங்கள். சற்றுச் சாய்ந்தாலும் ஒளி ஓரமாகக் கசிந்து அளவு மாறும். வெட்டும் விளிம்பில் வைத்தால் கருவி தடுமாறும். பல்லுக்குள் போன ஒளியில் ஒரு பங்கு பக்கவாட்டில் சிதறி முனைக்குத் திரும்பாமலே போய்விடும். கருவி அதை இருட்டு என்று எடுத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் மூன்று முறை அளந்து, மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் எழுதுங்கள்.

திரையில் "ஏ2" என்று வந்தால், 16 மாதிரிகளில் ஏ2 மிக அருகில் இருக்கிறது என்று மட்டும் பொருள். எவ்வளவு அருகில் என்பது அடுத்த திரையில் இருக்கிறது. அங்கே சிஐஇ என்ற சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1976இல் வகுத்த எல், ஏ, பி என்ற மூன்று எண்கள் இருக்கும்: எல் வெளிச்சம், ஏ பச்சை-சிவப்பு அச்சு, பி நீல-மஞ்சள் அச்சு. ஷேடு கைடின் ஏ, பி குடும்பங்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. இரண்டு நிறங்களுக்கு இடையிலான மொத்தத் தூரம் டெல்டா ஈ. இந்த முறையில் டெல்டா ஈ 1.2 இருக்கும்போது பார்ப்பவர்களில் பாதிப்பேர் வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்; 2.7 வரை போனால் பாதிப்பேர் பரவாயில்லை என்று ஏற்றுக்கொள்கிறார்கள். சிஐஇடிஈ2000 என்ற புதிய சூத்திரத்தில் இதே எல்லைகள் 0.8, 1.8. எந்தச் சூத்திரத்தில் வந்த எண் என்று பார்க்காமல் ஒப்பிட்டுவிடாதீர்கள்.

கண்ணும் கருவியும் முரண்பட்டால்

இது அடிக்கடி நடக்கும். கருவி ஏ3 என்கும், கண் ஏ2 என்கும். முதலில் கருவியை மறுபடி வைத்துப் பாருங்கள். பாதி நேரம் முனை சாய்ந்திருக்கும், அல்லது பல் உலர்ந்திருக்கும். அப்போதும் மாறவில்லை என்றால், அந்த இரண்டு மாதிரிகளையும் பல்லுக்கு இருபுறமும் பிடித்து ஒரே படமாக எடுத்துக் கருப்பு-வெள்ளையில் பாருங்கள். வேல்யூவுக்குக் கருவியின் எல் எண்ணை நான் அதிகம் நம்புவேன். ஊடுருவும் தன்மை, விளிம்பின் நீலம், வெண்திட்டு, விரிசல் இவற்றைக் கண்ணைத் தவிர வேறெதுவும் சரியாகச் சொல்லாது. ஆகவே அடிப்படை ஷேடைக் கருவியிடமும், பல்லின் குணத்தைக் கண்ணிடமும் கேளுங்கள்.

படி 8: அடியில் இருக்கும் பல்லின் நிறம்

செதுக்கியபின் எஞ்சும் அடிப்பல்லுக்கும் ஒரு ஷேடு உண்டு. வேர் சிகிச்சை செய்து கருத்த பல், வேருக்குள் உலோகப் போஸ்ட் (முளை) வைத்த பல் என்றால் அதைக் கட்டாயம் எழுதி அனுப்ப வேண்டும். லித்தியம் டைசிலிகேட் போன்ற ஊடுருவும் பீங்கான் அடியிலுள்ள கருமையை அப்படியே மேலே கொண்டுவரும். பொதுவான கணக்கு ஒன்று: ஒரு ஷேடு வெளிச்சமாக்க 0.2 முதல் 0.3 மி.மீ. பீங்கான் வேண்டும். 0.5 மி.மீ. வினீர் (பல்லின் முன்புறம் ஒட்டும் மெல்லிய தகடு) கருத்த பல்லை மறைக்காது என்பது இதிலிருந்தே தெரிகிறது. அப்படிப்பட்ட பல்லுக்கு அதிகம் செதுக்கவோ, ஊடுருவல் குறைந்த பீங்கானையோ ஜிர்கோனியாவையோ தேரவோ வேண்டும். அதைச் செதுக்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

காம்போசிட் என்றால்

பல்லிலேயே நிரப்பும் பல் நிறப் பிசினான காம்போசிட்டுக்கு ஷேடு கைடைவிட நேரடியான வழி இருக்கிறது. ஒட்டவைக்கப் பயன்படும் ஆசிடோ பாண்டோ போடாமல், ரப்பர் டேமுக்கு முன், பல்லின்மேலேயே ஒரு சின்ன உருண்டை காம்போசிட்டை, நிரப்பப்போகும் தடிமனில் வைத்து, விளக்கால் இறுக வைத்துப் பாருங்கள். இறுக வைக்காமல் பார்த்துப் பயனில்லை. ஒளி பட்டதும் இறுகத் தூண்டும் கேம்ஃபர்குவினோன் உள்ளே இருக்கிறது, அது மஞ்சள் நிறமுள்ளது. ஒளி பட்டு அது செலவாகும்போது நிறம் மாறும். டென்டின் ஷேடையும் எனாமல் ஷேடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். பார்த்தபின் எக்ஸ்ப்ளோரர் என்ற கூர்முனைக் கருவியால் தட்டினால் உதிர்ந்துவிடும்.

படி 9: வந்த கிரௌனைச் சோதிப்பது

லேபிலிருந்து வந்ததை உடனே சிமென்ட் வைத்து ஒட்டாதீர்கள். ஊடுருவும் பீங்கான் என்றால் கிரௌனுக்குள், நிறம் பார்க்கத் தற்காலிகமாக வைக்கும் ட்ரை-இன் பேஸ்ட்டோ, குறைந்தபட்சம் ஒரு சொட்டு நீரோ விட்டு உட்கார வையுங்கள். நடுவில் காற்று இருந்தால் நிறம் வேறாகத் தெரியும். இதையும் பற்கள் உலர்வதற்குள் செய்ய வேண்டும். நோயாளியை எழுந்து நிற்கச் சொல்லி, ஜன்னலோரமும் அறை விளக்கின்கீழும், கண்ணாடியைக் கை நீளத்தில் பிடித்துப் பார்க்க விடுங்கள். சிரிக்கவும் பேசவும் விடுங்கள். "சரி" என்று அவர் வாயால் சொன்னபின் ஒட்டலாம்.

சரியில்லை என்றால் என்ன தப்பு என்று பிரித்துப் பாருங்கள். குரோமா குறைந்திருந்தால், பளபளப்பு மாறியிருந்தால், ஒரு வெண்புள்ளி விட்டுப்போயிருந்தால், மேற்பூச்சும் பாலிஷும் போதும். வேல்யூ கூடியிருந்தாலும் ஓரளவு குறைக்கலாம். வேல்யூ குறைந்து சாம்பலாக வந்திருந்தால் பூச்சால் மீட்க முடியாது. தற்காலிக கிரௌனையே திரும்ப ஒட்டிவிட்டு, வாயில் வைத்த நிலையில் எடுத்த படத்தையும் அடிப்பல்லின் ஷேடையும் சேர்த்து லேபுக்கு அனுப்பிப் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள்.